நூலகக் கலையும் நம் பிள்ளைகளும்

வாலாஜாபாத்தில் இன்று பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பேச்செழுந்தால், அது பெரும்பாலும் ஒரகடம் செல்லும் சாலையிலேயே போய் நிற்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார்களைச் செய்யத் தொடங்கினர். 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை எழுந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து தொழிற்சாலை திறந்தன. அன்று முதல் நம் ஊரின் விடியல், கம்பெனி பஸ்களின் ஒலியோடுதான் விடிகிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் பெரியவர்கள் ஸலாம் கூறி நலம் விசாரித்த பின் கேட்கும் அடுத்த கேள்வி, “பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறான்?” என்பதே. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. பல குடும்பங்களின் அடுப்பு எரிவதும், கடன் அடைவதும், குமர்கள் கரையேறுவதும் அந்தச் சம்பளத்தால்தான். எனினும், அதே நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைபிசைந்து நின்றதையும் இவ்வட்டாரம் மறந்துவிடவில்லை.

இத்தகைய ஊரில், இத்தகைய காலத்தில், நம் தம்பியின் மகள் ஒரு புதுமையான விருப்பத்தை வெளியிட்டாள். இளங்கலைப் பட்டம் முடித்திருந்த அவள், “பெரியத்தா, நான் நூலக, தகவல் அறிவியல் படிக்க விரும்புகிறேன். சேப்பாக்கத்தில், பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் துறை இருக்கிறது. அத்தாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்” என்றாள். அருகிலிருந்த தம்பியோ, “என்ன அண்ணே இது! அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுக்கவும், திரும்ப வாங்கி வைக்கவும் ஒரு பட்டமா? அதற்கு ஒரு பல்கலைக்கழகமா?” என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தகப்பனாரின் நியாயமான கவலை அது. அக்கேள்வி நம் சமுதாயத்தில் பல வீடுகளிலும் எழக்கூடியதே. ஆகவே, அதற்குரிய விடையை இங்கு விரித்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

இதே ஐயம் கொண்ட மற்றொருவரும் உண்டு. அவரே பின்னாளில் ‘இந்திய நூலகத் தந்தை’ எனப் போற்றப்பட்டார் என்பதுதான் வியப்பு! சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் அமர்த்தப்பட்டார். சில நாட்களிலேயே அவருக்கு அப்பணி சலித்துவிட்டது. வருவார் போவார் இல்லாத இடத்தில் வாளா அமர்ந்திருக்க இயலாது. வகுப்பறைக்கே திரும்பிப் போகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வாரும், அதன் பின்னும் விருப்பமில்லையெனில் கல்லூரிக்கே திரும்பலாம் என்று இணக்கம் கூறி அவரை அனுப்பி வைத்தனர்.

இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 1919-இல் தொடங்கப்பட்ட நூலகப் பள்ளியில் அவர் பயின்றார். பல நூலகங்களை நேரிற் சென்று கண்டார். அங்கே அவர் கண்டது, புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையையன்று. ஓர் ஊரின் தொழிலாளியும், மாணவனும், இல்லத்தரசியும், ஆராய்ச்சியாளனும் ஒரே கூரையின் கீழ் தத்தமக்கு வேண்டிய அறிவைப் பெறுவதற்கு ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது என்பதையே அவர் கண்டார். ஒரு கடையில் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ என்னும் பொம்மைப் பொறியை அவர் பார்த்ததாகக் கூறுவர். ஒரு சில உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டே பற்பல உருவங்களை அமைக்கலாம். அவ்வாறே ஒரு சில அடிப்படைக் குறியீடுகளைக் கொண்டு எந்தப் பொருளைப் பற்றிய நூலுக்கும் ஓர் எண்ணை ஆக்கலாம் என்னும் எண்ணம் அங்கு அவருக்கு உதித்தது. அதுவே 1933-இல் ‘கோலன் பகுப்பு முறை’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தது.

1925-இல் திரும்பி வந்தவர் கல்லூரிக்குச் செல்லவில்லை, நூலகத்திலேயே நிலைத்துவிட்டார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929-இல் அச்சங்கம் நூலகர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931-இல் சென்னைப் பல்கலைக்கழகமே அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. 1937 முதல் பட்டம் பெற்றவர்களுக்குரிய ஓராண்டுப் பட்டயப் படிப்பாக அது உயர்ந்தது. நம் தம்பி மகள் குறிப்பிட்ட சேப்பாக்கக் கல்வியின் வேர், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் ஊன்றப்பட்டது என்பதை இதனால் அறியலாம். இரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, தம் துணைவியார் சாரதாவின் பெயரால் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்று அமைய வேண்டுமென்று அதே பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 1972-இல் அவர் மறைந்தார்.

1931-இல் அவர் வெளியிட்ட நூல், நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தது. அவற்றின் சாரத்தை நம் சொற்களிலே கூறுவதாயின்: நூல்கள் பூட்டி வைத்து அழகு பார்ப்பதற்கல்ல, மக்கள் பயன்கொள்வதற்கே, படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் எங்கேனும் இருக்கிறது, ஒவ்வொரு நூலுக்கும் அதனைத் தேடும் ஒருவர் இருக்கிறார், அவ்விருவரையும் காலம் வீணாகாமல் சேர்த்து வைப்பது நூலகரின் கடமை, நூலகம் என்பது ஓயாது வளரும் ஓர் உயிர். சாதாரணமாகத் தோன்றும் இவ்விதிகளில் மூன்றாவதை மட்டும் வாசக அன்பர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவரை எதிர்பார்த்துக் கிடக்கிறது! நம் வீட்டுப் பரண்களில் கிடப்பவையும் அவ்வாறே அன்றோ?

இக்கலை நமக்கு அந்நியமானது என்று எவரேனும் எண்ணினால், வரலாறு அதனை மறுக்கிறது. ஓதுமாறு பணித்தும், எழுதுகோலைக் கொண்டு கற்பித்தமையை நினைவூட்டியும் தொடங்கிய வேதத்தை ஏந்திய சமுதாயம் இது. பக்தாதில் ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987-இல், இப்னு நதீம் என்பார் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பெரும் நூற்பட்டியை இயற்றினார். அவருடைய தந்தையார் ஒரு புத்தக வணிகர். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களை எல்லாம் பத்துப் பகுதிகளாக வகுத்து, எழுதியவர் யார், அவர் எவற்றை எழுதினார் என்று பதிந்து வைத்தார். மொழிகளும் எழுத்துகளும், வேதங்கள், இலக்கணம், வரலாறு, கவிதை, மார்க்கச் சட்டம், தத்துவம், மருத்துவம், கதைகள் என்று அது விரிந்து செல்கிறது. பிற மதத்தாரின் கொள்கைகளுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. அதில் பதியப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை இன்று உலகில் இல்லை. அவை இருந்தன என்று நாம் அறிவதே அந்தப் பட்டியால்தான்! நூல்கள் அழிந்தன, பட்டி நின்றது. நூற்பட்டி எழுதுவோனின் பணி எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குர்துபாவில் கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் சேர்த்த நூலகத்தில் நான்கு லட்சம் நூல்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதினர். நூல்களின் பெயர்களைக் குறித்த ஏடுகள் மட்டுமே 44 என்றனர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும், பட்டியின் அளவைக் கொண்டு நூலகத்தின் பெருமையைச் சொல்லும் வழக்கம் அன்றே இருந்ததைக் கவனிக்க வேண்டும். அதே அரண்மனையில் லுப்னா என்னும் மாதரசி எழுத்துப் பணியில் உயர்ந்த இடம் பெற்றிருந்தார். இலக்கணமும் கணிதமும் கவிதையும் வல்லவர் என அவரைப் பற்றி எழுதி வைத்துள்ளனர். பெண்பிள்ளைகள் புத்தகங்களோடு பழகும் தொழிலை ஏற்பது நம் மரபுக்குப் புறம்பானது என்று கூறுவோர் லுப்னாவை நினைவு கொள்வார்களாக.

மேலை நாட்டிலும் இக்கல்வி பெண்களோடுதான் தொடங்கியது. 1887-இல் அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி முதல் நூலகப் பள்ளியைத் திறந்தபோது சேர்ந்த மாணவர் 20 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள். பெண்களுக்கு வகுப்பறை தர இயலாது என்று நிருவாகத்தார் மறுத்தனர். எதிர்ப்புறமிருந்த ஒரு பண்டக அறையைத் துப்புரவு செய்து, அங்கு பாடம் நடத்தினார்கள்!

நம் நாட்டிலும் முஸ்லிம்களின் பங்கு சிறிதன்று. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1915-இல் அமெரிக்கரான ஆசா டான் டிக்கின்சனை வரவழைத்து நூலக வகுப்பு நடத்தியது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கே. எம். அசதுல்லாஹ். பின்னர் கல்கத்தாவில் இம்பீரியல் நூலகத்தின் தலைமையை 1930 முதல் 1947 வரை வகித்தவர் அவர். இன்றைய தேசிய நூலகத்தின் முன்வடிவம் அதுவே. 1933-இல் இந்திய நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் முதற் செயலாளராக இருந்தவரும், 1935-இல் அந்நூலகத்திலேயே பயிற்சி வகுப்பைத் தொடங்கியவரும் அவரே. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1950-களிலேயே நூலகக் கல்வியைத் தொடங்கியது. அதன் மௌலானா ஆஸாத் நூலகத்தின் ஏழடுக்குக் கட்டடத்தை 1960-இல் நேரு திறந்து வைத்தார்.

நம் ஊரின் பெயரிலும் இதற்கொரு தொடர்பு உண்டு. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி ‘வாலாஜா’ என்னும் பட்டம் பெற்றவர். வாலாஜாபாத் அவர் பெயரால் வழங்குவது. 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பியவரும் அவரே. அச்சேப்பாக்கத்திலேதான் பல்கலைக்கழகம் அமைந்தது. 1936-இல் அதன் நூலகத்துக்கெனத் தனிக் கட்டடமும் எழுந்தது. அதனருகே, அதே நவாபின் பெயரைத் தாங்கிய வாலாஜா சாலையில், 1850-இல் எட்வர்டு பால்ஃபோர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் முயற்சியால் தோன்றிய முகம்மதியர் பொது நூலகம் உள்ளது. வாலாஜாபாத்திலிருந்து ஒரு பிள்ளை சேப்பாக்கம் சென்று நூலகம் பயில்வதாயின், ஒரு வாலாஜாவிடமிருந்து மற்றொரு வாலாஜாவிடம் செல்வதாகத்தானே பொருள்!

இனி, அங்கு என்னதான் கற்பிக்கிறார்கள் என்ற வினாவுக்கு வருவோம். இதனை விளக்க நம் வீட்டுப் பெட்டி ஒன்றே போதும்.

நம் பாட்டனார் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தவர். அவர் விட்டுச் சென்ற ஒரு மரப்பெட்டி தம்பியின் வீட்டில் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டும் வேலை தொடங்கவே, பெட்டியிலிருந்தவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கறையான் அரித்தவை போக எஞ்சியவை 43 நூல்கள். அல்லாஹ்வின் பெயர் எழுதப்பட்டவற்றைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை, கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடலாம் என்றார் ஓர் உறவினர். தம்பி மகள்தான் இடைமறித்து, “ஒரு வாரம் தாருங்கள் அத்தா, இவை என்னென்ன என்று எழுதி வைத்துவிடுகிறேன்” என்றாள்.

எழுதத் தொடங்கியதும் இடர்ப்பாடு புரிந்தது. ஒருவர்க்கே அவை முழுதும் விளங்கவில்லை. அரபு, பாரசீகம், உருது, தமிழ் என நான்கு மொழிகள் கலந்து கிடந்தன. பக்கத்துத் தெருவில் உருது பேசும் முதியவர் ஸஅதியின் குலிஸ்தானையும் சில உருதுச் சுவடிகளையும் இனங்காட்டினார். வடபுலத்திலிருந்து வந்து நம் பள்ளிவாசலில் தொழ வைக்கும் இளம் ஆலிம், அரபுக் கிதாபுகளைப் பெயர் சொல்லி எடுத்து வைத்தார். முகப்பு ஏடு கிழிந்த ஒரு நூலில் மட்டும் அவர் தயங்கினார். “எழுத்து அரபுதான், ஆனால் சில எழுத்துகளுக்குப் புள்ளிகள் மாறியிருக்கின்றன, பொருளும் விளங்கவில்லை” என்று உருதுவில் கூறிவிட்டு, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துப் பார்த்தார்.

உள்ளறையில் படுத்திருந்த நம் தாயார், “அது நோன்புடைய சட்டமல்லவா! நிய்யத்து வைக்கும் விவரம் அல்லவா சொல்கிறது!” என்றார். கண் மங்கிய அவர் காதில் விழுந்தது தூய தமிழ். ஆம், அது அரபுத் தமிழ்! நாகூர்ப் பக்கத்தில் பிறந்த தாயார், சிறுவயதில் அவ்வெழுத்தில்தான் மார்க்கச் சட்டங்களை ஓதியவர். வாசித்த ஆலிமுக்கு எழுத்துத் தெரியும், மொழி தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த நமக்கு மொழி தெரியும், எழுத்தின் வரிசை பிடிபடவில்லை. இரண்டையும் அறிந்தவர் அவ்வீட்டில் எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி மட்டுமே. பேத்தி அவர் கட்டிலருகே அமர்ந்து, “நன்னிமா, இன்னும் சொல்லுங்கள்” என்று கேட்டுக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இந்நூல் ஒரு பொது நூலகத்துக்குச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயிற்சியில்லாதவர் அட்டையைப் பார்த்துவிட்டு அரபு நூல்களின் வரிசையில் வைத்திருப்பார். அரபு அறிந்தவர் எடுத்துப் பார்த்து, விளங்காமல் வைத்துவிடுவார். தமிழ் நூல் தேடுபவர் அவ்வரிசைப் பக்கமே செல்ல மாட்டார். நூல் அலமாரியிலேயே இருக்கும். ஆயினும் இல்லாததற்குச் சமம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் உழைத்து வளர்த்த ஒரு செல்வம், இவ்வாறு தவறான வரிசையில் நின்றே மறைந்துபோகக் கூடும். மொழி ஒன்று, எழுத்து வேறு என்று இருவகையாகவும் பதிந்து வைப்பதற்குப் பெயர்தான் நூற்பட்டியல் கலை. அதைத்தான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள்.

மற்றோர் உதாரணம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எங்கே வைப்பது? டூயியின் தசமப் பகுப்பு முறையில் இஸ்லாத்துக்கு உரிய எண் 297. பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்கு 297.63. தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண்ணோ 894.811. முதல் இடத்தில் வைத்தால் கம்பனையும் சிலம்பையும் தேடி வருபவர் கண்ணில் அது படாது. இரண்டாம் இடத்தில் வைத்தால் நபி வரலாறு தேடி வரும் நம் பிள்ளைக்கு அது கிட்டாது. நூலை ஓரிடத்தில்தான் வைக்க இயலும்; ஆனால் அதனை அடையும் வழிகளைப் பட்டியலில் பலவாகத் திறந்து வைக்கலாம். தமிழ் இலக்கியத்தின் வாசலிலும், இஸ்லாத்தின் வாசலிலும், புலவர் பெயரின் வாசலிலும் அதன் விலாசம் இருக்க வேண்டும். இவ்வாசல்களைத் திறப்பவர் நம்மை அறிந்தவராக இருந்தால் அன்றோ நம் நூல்கள் தமிழ் வாசலிலும் தென்படும்!

பகுப்பு முறையும் வகுத்தவரின் பார்வையைக் காட்டும் கண்ணாடியே. டூயியின் முறையில் சமயத்துக்கு ஒதுக்கிய இருநூறுகளின் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே சென்றது. உலகின் பிற சமயங்கள் யாவும் 290-க்குள் நெருக்கி அமர்த்தப்பட்டன. இரங்கநாதன் தம் முறையில் ஒவ்வொரு பெருஞ்சமயத்துக்கும் சமநிலையில் ஓர் எண் அளித்தார்; இஸ்லாத்துக்கு ஏழாம் எண்ணைத் தந்தார். சீர்காழியில் பிறந்த ஓர் இந்துப் பெருமகனார் இந்நீதியைச் செய்தார் என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

பெயர்களின் சிக்கல் இதனினும் பெரிது. சீறாப்புராணத்தை 1842-இல் பதிப்பித்தவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். அவரையே சேகனாப் புலவர் என்றும், புலவர் நாயகம் என்றும் வழங்குவர். ஒரு நூலகத்தில் முதற்பெயராலும், மற்றொன்றில் இரண்டாவதாலும், வேறொன்றில் மூன்றாவதாலும் பதிந்திருந்தால், தேடுகின்ற மாணவன் மூவர் இருந்ததாக எண்ணிக்கொள்வான். இம்மூன்றும் ஒருவரே என்று நிலைநாட்டும் பெயர்க் கோவைக்கு நூலகக் கல்வியில் தனிப்பாடம் உண்டு. காதர், காதிர், காதிறு. செய்யிது, சையது, ஸையித் என்று எழுதும் நம் சமுதாயத்துக்கு இப்பாடம் எத்துணை இன்றியமையாதது!

“இன்று எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டதே! நூலகம் எதற்கு?” என்பார் சிலர். கைப்பேசி தேடித் தருவது, முன்னரே ஒருவர் படமெடுத்து, பெயர் சூட்டி, ஆண்டு குறித்து, பொருள் சொல்லி ஏற்றி வைத்ததைத்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து அன்பர்கள் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்திலும் ஆயிரமாயிரம் தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பின்னே பட்டியல் இட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. நம் பாட்டனாரின் பெட்டியிலிருந்த அந்த அரபுத் தமிழ் நூலை எவ்வளவு பெரிய இயந்திரத்தில் தேடினாலும், அதன் பெயரை யாரேனும் ஒருவர் எழுதி வைக்கும்வரை அது அகப்படாது. தகவல் அறிவியல் என்று இத்துறைக்கு இரண்டாம் பெயர் சேர்ந்ததும் இதனால்தான்.

பிழைப்பு எப்படி என்ற கேள்வியையும் மறைக்காமல் பேச வேண்டும். ஆலையில் சேர்ந்தால் முதல் மாதமே கைக்குப் பணம் வருகிறது. நூலகப் படிப்பு அவ்வாறன்று. எந்தப் பட்டம் பெற்றவரும் ஓராண்டில் இளநிலை நூலகப் பட்டமும், மேலும் ஓராண்டில் முதுநிலைப் பட்டமும் பெறலாம். கல்லூரி நூலகராக வேண்டுமெனில் முதுநிலையோடு தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அரசுப் பதவிகள் அடிக்கடி நிரப்பப்படுவதில்லை, போட்டியும் மிகுதி. இவற்றைத் தெரிந்தே இறங்க வேண்டும். மறுபுறம், நம் வட்டாரத்தில் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு. ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் ஒவ்வொரு வரைபடத்துக்கும், ஒவ்வொரு செய்முறைக் குறிப்புக்கும் எண்ணிட்டு, பழையதை நீக்கிப் புதியதை வைக்கும் ஆவணப் பிரிவு உண்டு. அதுவும் இக்கலையின் உறவே. வெளியே சென்று படிக்க இயலாத பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே பயிலும் வழியைத் தருகிறது.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர் தம்பி சிறிது நேரம் பேசவில்லை. தாயாரின் கட்டிலருகே இன்னும் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தவாறே, “ஓராண்டுதானே, படிக்கட்டும் அண்ணே. வேலை அல்லாஹ்வின் பொறுப்பு. ஆனால் அதற்குள் நல்ல இடம் அமைந்தால் நான் மறுக்க மாட்டேன்” என்றார். அவரளவில் அது பெரிய சம்மதம். அவளும் அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டாள். இவ்வாண்டு அவள் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ரயிலேறிச் செல்கிறாள். தாயாரோ, “நான் கண்ணை மூடுவதற்குள் அந்தக் கிதாபை முழுதும் வாசித்துக் காட்டச் சொல்” என்று பேத்தி திரும்பும் நேரத்தைக் கேட்டவண்ணம் இருக்கிறார். ஞாயிறுதோறும் அவ்விருவரும் சில பக்கங்களை முடிக்கிறார்கள். இனியும் முடிக்கப் பல பக்கங்கள் உள. தாயாரின் வயதோ யார் கையிலும் இல்லை.

1258-இல் பக்தாதின் நூலகங்கள் மங்கோலியரால் அழிந்தன என்று இன்றும் நாம் வருந்துகிறோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான செய்தி தமிழுலகையே கலங்க வைத்தது. அவை பகைவர் கையால் நேர்ந்த அழிவுகள். நம் பரண்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் கறையானும் ஈரமும் செய்து வரும் அழிவுக்கு ஓசையில்லை. அதனால் கண்ணீரும் இல்லை. நூல்களை வக்பு செய்வது நம் முன்னோரின் மரபு. வக்பு செய்யப்பட்ட நிலத்துக்கு எல்லைக்கல் நாட்டிக் கணக்கு எழுதுகிறோம். வக்பு செய்யப்பட்ட கிதாபுகளுக்கு ஒரு பட்டியல் வேண்டாமா?

ஆகவே, குடும்பத்தாரிடமும் ஜமாஅத்தாரிடமும் நாம் வேண்டுவது மிகப் பெரிதன்று. வீட்டிலிருக்கும் பழைய நூல்களை ஒரு நாள் எடுத்து, பெயர், ஆசிரியர், மொழி, எழுத்து, அச்சான ஊர், ஆண்டு என்று தெரிந்த அளவில் ஒரு நோட்டில் எழுதுங்கள். கிழிந்த ஏடுகளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசையே காகிதத்தைக் கறைப்படுத்தி அரித்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தரையைத் தொடாமல் வையுங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இருந்தால், அவர்கள் வாசிப்பதை இப்போதே பதிவு செய்யுங்கள்; அதற்கு அந்தக் கைப்பேசியே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு பிள்ளையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், இக்கல்வியைக் கற்கட்டும். மருத்துவருக்கும் பொறியாளருக்கும் உதவித்தொகை வழங்கும் நம் சங்கங்கள், அப்பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும்.

அறிவைத் தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. தேடுவோருக்கு அது கிடைக்கும்படி ஒழுங்கு செய்து வைப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே. அப்பணிக்கு நம் பிள்ளைகளைத் தகுதியுடையோராக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.